மெட்டு மறைப்பதும் வரி சொல்வதும்

அன்பு மகளுக்கு,

பேண்டுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். பாட்டு வரிகளுக்குள் யாருக்கும் சட்டென்று பிடிபடாத ரகசியம் ஒன்றை ஒளித்துவைக்க ஆசை என்றும் சொல்லியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன்.

ரகசியம் தேடிக் கிளம்பியவர்கள் இல்லாததையும் கண்டுபிடித்துவிடுவார்கள். 'லூயி லூயி' பாட்டுக்கு நடந்தது அதுதான். ரிச்சர்ட் பெர்ரி எழுதி, 1957-ல் அவரே பாடி இசைத்தட்டாக வந்த பாட்டு. காதலியைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு மாலுமி மதுக்கடைக்காரரிடம் புலம்புகிறான், அவ்வளவுதான் விஷயம். 1963-ல் கிங்ஸ்மென் குழு இதைப் பாடியபோது வார்த்தைகள் குழறிப் பதிவாகிவிட்டன. உடனே ஆளாளுக்கு ஆபாச வரிகளைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். பெற்றோர்களிடமிருந்து புகார் போக, அமெரிக்காவின் மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. விசாரணையில் இறங்கியது. தட்டை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டார்கள். எந்த வேகத்தில் ஓடவிட்டாலும் ஒன்றும் விளங்கவில்லை என்று முடித்தார்கள். பெர்ரி தெளிவாகப் பாடிய தட்டு அத்தனை நாளும் இருந்தது!

பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவுக்கும் இதே கதி. 1967-ல் வந்த 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' தலைப்பில் எல்.எஸ்.டி. என்ற எழுத்துகள் வருவதால், அது அந்தப் போதை மருந்தைப் பற்றியது என்று ஊரே சொன்னது. மகன் ஜூலியன் பள்ளித்தோழியை வரைந்து கொண்டுவந்த படத்திலிருந்துதான் அது பிறந்தது என்று குழுவின் ஜான் லெனன் கடைசிவரை சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் பாடிய 'காட் டு கெட் யூ இன்டு மை லைஃப்' பாட்டையோ, எல்லோரும் காதல் பாட்டு என்றே கேட்டார்கள். அது கஞ்சாவைப் பற்றி எழுதியது என்று பின்னாளில் அதை எழுதிய பால் மெக்கார்ட்னியே சொன்னார்.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' பற்றி. 1984-ல் வந்தபோது கூட்டம் கூட்டமாகக் கையை உயர்த்திப் பல்லவியைப் பாடினார்கள். அந்த ஆண்டு தேர்தல் பிரசாரத்தில் அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுகளில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார். ஆனால் சரணங்களைக் கேள். வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டவன் ஊர் திரும்புகிறான். பழைய ஆலையில் வேலை இல்லை என்று கைவிரிக்கிறார்கள். வியட்நாமில் கே சான் என்ற இடத்தில் சண்டையிட்ட சகோதரன் உயிரோடு இல்லை. எதையும் அவர் ஒளிக்கவில்லை. அந்தப் பெரிய டிரம்ஸும் சிந்தசைசரும் பல்லவியைத் தூக்கிப் பிடித்ததில் சரணம் காதில் விழாமல் போய்விட்டது. இதே பாட்டை 1982-ல் அவர் கிதார் மட்டும் வைத்துப் பாடிய பதிவு ஒன்று உண்டு, 1998-ல் வெளியானது. அதைக் கேட்டு யாருக்கும் கையை உயர்த்தத் தோன்றாது. வரியில் பெரிய மாற்றம் இல்லை, மெட்டும் வாத்தியமும்தான் வேறு.

'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டும் அப்படித்தான். மெட்டு இதமாக இருப்பதால் கல்யாணங்களில் போடுகிறார்கள். பொறாமையும் ஒருத்தியை விடாமல் கண்காணிப்பதும்தான் அதில் இருக்கிறது என்று எழுதிய ஸ்டிங்கே பலமுறை சொல்லிவிட்டார்.

அதனால் நீ எதையும் ஒளிக்க மெனக்கெடாதே. சொல்ல வேண்டியதைப் பளிச்சென்று எழுது. எந்த வரி காதில் விழ வேண்டும், எது மெல்ல உறைக்க வேண்டும் என்பதை மட்டும் மெட்டுப் போடும்போது தீர்மானி.

அப்புறம் பெயர். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் பெயரில் பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு ப்ளூஸ் கலைஞர்கள் இருக்கிறார்கள், அது ஒரு மரியாதை. ஜாய் டிவிஷன் என்று இன்னொரு குழு; அது நாஜி முகாமில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பகுதிக்கு ஒரு நாவலில் வரும் பெயர். பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பெண்களின் வேதனையை மேடையில் பெயர்ப்பலகையாக மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் அப்படி எதையும் எடுத்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்தது யூபி40 என்ற குழுவின் பெயர். அந்தக் காலத்தில் பிரிட்டனில் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைப் படிவத்தின் எண் அது. 1980-ல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையிலும் அந்தப் படிவத்தையே போட்டார்கள். தங்கள் நிலைமையைத் தலைநிமிர்ந்து சொன்ன பெயர்.

வேலை பறிபோன உன் தோழியைப் பற்றி ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது என்றாயே, அதை முதலில் முடி. டிரம்ஸ் சேர்ப்பதற்கு முன்னால் கிதார் மட்டும் வைத்துப் பாடி எனக்கு அனுப்பு. சரணம் முழுசாகக் காதில் விழுகிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா