அபராதத்தோடு விட்டுவிடக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. ஆனால் பலர் பணத்தைக் கட்டிவிட்டு மறுபடி வண்டியை எடுத்துவிடுகிறார்கள். வசதியானவருக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். அதே தொகை ஆட்டோ ஓட்டுபவருக்குப் பல நாள் வருமானம்.

அதனால் அபராதத்தை இன்னும் ஏற்றுவதைவிட, ஓட்டுநர் உரிமத்தில் கை வைக்க வேண்டும். தண்டனை பெற்றவர் குறைந்தது ஆறு மாதம் உரிமம் வைத்திருக்கத் தகுதியில்லை என நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. இதை ஒருவர் விடாமல் செயல்படுத்த வேண்டும். இரண்டாம் முறை சிக்கினால் உரிமத்தை நிரந்தரமாகவே ரத்து செய்யலாம். பிழைப்பு போய்விடும் என்ற வாதம் அங்கே எடுபடக் கூடாது.

உயிர் போன வழக்குகள் வேறு. டெல்லியில் 1999-இல் போதையில் ஓட்டிய சொகுசு கார் மோதி ஆறு பேர் இறந்தார்கள். அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்தாண்டு வரை சிறை தர இடமுள்ள பிரிவு அது. அப்படியிருந்தும், ஏற்கெனவே அனுபவித்த இரண்டாண்டுச் சிறையே போதும் என்று விட்டுவிட்டு, 50 லட்சம் ரூபாயும் சமூக சேவையும் சேர்த்தது. ஆறு உயிருக்கு இது போதும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இத்தகைய வழக்குகளுக்குக் குறைந்தபட்சச் சிறைத் தண்டனையை நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி