ஸ்கேல் பார்க்காமல் போட்ட திட்டம்

பாளையங்கோட்டை,
தை 6.

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. மூட்டு மாற்றிய கால் மாடிப்படி ஏறுகிறது என்று படித்ததும் உன் தங்கச்சி உடனே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டாள். பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலி போன அன்றைக்கே நீ பயிற்சிக்கும் முழுக்குப் போட்டுவிடுவாய் என்று மதினி போனில் புலம்பினார்கள். தென்னையில் வெள்ளை ஈக்கு மருந்து மேல் மருந்தாக அடிக்காதே. ஓலைக்கு அடிப்பக்கமாகத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி விழுந்துவிடும்.

இனி நீ கேட்ட கேள்வி. "67 வயசில ஆஸ்திரேலியாவா? அங்கே யார் இருக்கா?" தெருவில் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். எதிர்வீட்டுக்காரம்மா ஒருபடி மேலே போய், "மகளுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டுவிட்டார்கள். நம் வயசில் ஒருத்தர் வெளிநாடு போனால் அது பிள்ளைப்பேறு பார்க்கத்தான் என்று ஆகிவிட்டது. அங்கே எங்களுக்கு யாரும் இல்லை, சண்முகம். ஊர் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். இதுவரை நாங்கள் போன அதிகபட்ச தூரம் காசி, அதுவும் ரயிலில். விமானம் ஏறியது ஒரே ஒரு தரம், தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு. அன்றைக்குப் பெல்ட் மாட்டத் தெரியாமல் பக்கத்துச் சீட்டுப் பையனிடம் கேட்டேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் போட்ட திட்டத்தைச் சொன்னால் சிரிப்பாய். பேத்தியின் பள்ளி அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டேன். சிட்னி, மேலே கெய்ன்ஸில் பவளப்பாறை, நடுவில் உலுரு பாறை, மேற்கே பெர்த், திரும்பி வரும்போது அடிலெய்டும் மெல்போர்னும். மொத்தம் 14 நாள். ரயிலும் பஸ்ஸுமாகப் போய்விடலாம் என்று விரற்கடையால் அளந்து நோட்டில் எழுதியாயிற்று. இந்தியாவும் ஒரு பக்கம், ஆஸ்திரேலியாவும் ஒரு பக்கம், இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் மூலையில் இருந்த ஸ்கேல் கண்ணில் பட்டது. இந்தியா 33 லட்சம் சதுர கி.மீ., அது 77 லட்சம். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு ஆகாய வழியிலேயே 3,300 கி.மீ. கிட்ட. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரின் வடகோடி வரை 3,214 தானே! ஸ்கேல் பார்க்காமல் புலப்படத்தைத் தொடாதே என்று எத்தனை பயிற்சிப் பையன்களைத் திட்டியிருப்பேன். 34 வருஷம் சர்வேயர் உத்தியோகம் பார்த்தவனுக்கு இது தேவைதான்.

இதில் இன்னொரு கூத்து. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கினால் உலுரு பக்கத்தில்தான் என்று நினைத்திருந்தேன். பக்கம்தான், சாலையில் 450 கி.மீ.! அந்தப் பாறை மேல் ஏறுவதையும் 2019 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். அந்த மண்ணுக்குரிய அனங்கு மக்களுக்கு அது புனித இடம். சுற்றி நடக்கலாம், பத்து கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். "கிரிவலம் போக அவ்வளவு தூரம் எதுக்கு, திருவண்ணாமலை இல்லையா?" என்று உன் தங்கச்சி ஒரே வரியில் அடித்துவிட்டாள். ஜங்ஷன் பக்கம் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். 12 நாளில் 6 ஊர் காட்டுவதாகத் தாள் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் அதில் நாலு நாள் விமான நிலையத்தில்தான் கழியும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே இப்போதைய திட்டம் இது: மெல்போர்னில் இறங்குவது, கடலோரமாக மேற்கே போவது, அடிலெய்டில் ஏறி ஊர் திரும்புவது. ஒரே கோடு, 16 நாள். சிட்னி கிடையாது. அந்த ஓபரா ஹவுஸ் கிடையாது. நீ வையப் போகிறாய், தெரியும். "ஆக்ரா போய்த் தாஜ்மகால் பார்க்காமல் வருகிறவன்" என்பாய். ஆனால் எனக்கு அடிலெய்டில் ஒரு சோலி இருக்கிறது.

வில்லியம் லைட் என்று ஒரு சர்வேயர். பினாங்கை ஆங்கிலேயருக்கு அமைத்துக் கொடுத்த பிரான்சிஸ் லைட்டின் மகன், பிறந்ததும் மலேயாவில்தான். தெற்கு ஆஸ்திரேலியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். அடிலெய்டு இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1837-இல் இரண்டே மாதத்தில் 1,042 மனைகளுக்குக் கல் நட்டவர். மனை ஒன்று ஒரு ஏக்கர். ஊரைச் சுற்றிலும் மாலை போட்டது போலப் பூங்கா நிலம் விட்டார். அது இன்றைக்கும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. நம்மூரில் புறம்போக்குக்கு என்ன கதி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவர்னருக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. துறைமுகத்துக்குத் தூரம் என்று ஓயாமல் குடைச்சல். வேலையை முடிக்க ஆளும் தரவில்லை, அவகாசமும் தரவில்லை. 1838-இல் மனுஷர் ராஜினாமா செய்தார். அடுத்த வருஷமே காசநோயில் போய்விட்டார். நகரத்துக்குள்ளேயே, அவர் பேரில் இருக்கிற சதுக்கத்தில்தான் அடக்கம். அந்த நினைவுத்தூணின் உச்சியில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? தியோடலைட், நாம் கோணம் அளந்த அதே கருவி. சர்வேயர் ஒருத்தன் தலைமாட்டில் தியோடலைட்! படத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, அது உனக்காகவே. விக்டோரியாவுக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் எல்லை 141-ஆம் தீர்க்கரேகை என்று லண்டனில் காகிதத்தில் எழுதிவிட்டார்கள். 1847-இல் தரையில் அளக்க ஆரம்பித்தார்கள். அங்கே தந்தி வராத காலம். தீர்க்கரேகை பிடிக்க வானத்தையும் கடிகாரத்தையும் விட்டால் வேறு வழியில்லை. கோடு 3.6 கி.மீ. மேற்கே தள்ளி விழுந்துவிட்டது. நம் பழைய சங்கிலிக் கணக்கில் 2 மைலும் 19 செயினும். கோயில் திருவிழாவில் பலூன்காரன் இடத்தைத் தள்ளிப் போட்டதுபோல் சாதாரணமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதே. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த அட்சரேகையில் நேரக்கணக்கு ஒரு விநாடி பிசகினால் தரையில் 370 மீட்டர் போகும். ஆக, பத்து விநாடிப் பிசகு. அதற்கு விலை 1,300 சதுர கி.மீ. நிலம். இரண்டு பக்கமும் வழக்கு நடத்தி, லண்டனில் பிரிவி கவுன்சில் என்கிற மேல்முறையீட்டு மன்றம் வரைக்கும் போய், 1914-இல் தீர்ப்பு. நட்ட கல் நட்டதுதான், நிலம் விக்டோரியாவுக்கே. அம்பாசமுத்திரத்தில் அந்த அண்ணன் தம்பி வரப்புத் தகராறில், "ஐயா, கல்லைப் பிடுங்கினா கொலை விழும்" என்று தலையாரி சொன்னது ஞாபகம் வருகிறதா? அந்தக் கோட்டை பஸ்ஸில் தாண்டும்போது உன்னை நினைத்துக்கொள்வேன்.

உன் தங்கச்சியோடு ஒப்பந்தம் தனி. கல்லறைக்கு ஒரு நாள் என்றால் கங்காருவுக்கு ஒரு நாள். அடிலெய்டு மலைப்பக்கம் கிளீலண்ட் என்று ஒரு வனவிலங்குப் பூங்கா இருக்கிறது, கையால் தீனி கொடுக்கலாமாம். மெல்போர்னிலிருந்து 140 கி.மீ.யில் பிலிப் தீவு. பொழுது சாய்ந்ததும் கடலிலிருந்து குட்டிப் பெங்குவின்கள் வரிசையாகக் கரையேறிப் பொந்துக்குப் போகும். ஒரு கிலோ எடை, ஒரு முழத்துக்கும் குறைந்த உயரம். போட்டோ எடுக்க விடமாட்டார்கள், வெளிச்சம் அதன் கண்ணைக் கெடுக்கும் என்று. எனக்கு அது ரொம்பப் பிடித்தது, பேரன்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான். மெல்போர்ன் பக்கம் கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில் ஒன்றும் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்கு என்னைக் கேட்கவே இல்லை.

கிரேட் ஓஷன் ரோட்டுக்கு மெல்போர்னிலிருந்தே ஒருநாள் சுற்றுலா பஸ் போகிறது. 240 கி.மீ. சாலை, 1919 முதல் 1932 வரை முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் போட்டது. திரும்பி வராத சிப்பாய்களுக்கு அந்தச் சாலையேதான் நினைவுச்சின்னம். பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள் அங்கேதான். பன்னிரண்டு எப்போதும் இருந்ததில்லை, இருந்ததிலும் ஒன்று 2005-இல் சரிந்து விழுந்துவிட்டது. அந்தக் கரையில் இன்னொரு பாறைப் பாலம் 1990-இல் இடிந்தபோது அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேரை ஹெலிகாப்டர் வைத்துத்தான் மீட்டார்கள். இந்த விஷயம் உன் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. போனில் உளறிவிடாதே.

அப்புறம் வாரம்பூல் வரை அரசாங்க ரயில். 2023-லிருந்து விக்டோரியாவில் எவ்வளவு தூரம் போனாலும் மெல்போர்ன் நகரத்தின் ஒருநாள் கட்டணத்துக்கு மேல் வாங்குவதில்லை. அங்கிருந்து பஸ்ஸில் மவுண்ட் கேம்பியர், மறுபடி பஸ்ஸில் அடிலெய்டு. கார் எடுக்கவில்லை. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் மசங்கல் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும் என்கிறார்கள். நம்மூர் ஆட்டுக்கே நான் பிரேக் போடுகிற லட்சணம் உனக்குத் தெரியும்.

காலம் சித்திரை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அங்கே இலையுதிர் காலம், மெல்போர்னில் பகல் 20 டிகிரி, ராத்திரி 11. நமக்கு அது ஊட்டிக் குளிர். ஊட்டி என்றதும் ஒன்று: அங்கே நாம் பார்க்கிற தைலமரம், சில்வர் ஓக், சீகை என்கிற வாட்டில் மரம் எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதான். "அப்ப ஊட்டிக்கே போயிரலாமே, செலவு மிச்சம்" என்றாள் உன் தங்கச்சி. பதில் சொல்லத் தெரியாமல் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

விசா வேலைதான் கண்ணைக் கட்டுகிறது. 600 என்று ஒரு வகை, சுற்றுலாக்காரர்களுக்கு. எல்லாம் இணையத்தில். ஆளுக்கு ஒரு விண்ணப்பம், ஆளுக்கு ஒரு கட்டணம், கணவன் மனைவி என்றெல்லாம் சலுகை இல்லை. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் கூட ஒட்டமாட்டார்கள், மின்னஞ்சலில் வரும் கடிதம்தான் விசா. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: போனவன் திரும்புவானா? அதற்குப் பென்ஷன் ஆர்டர், வங்கிக் கணக்கு, வீட்டு வரி ரசீது, பட்டா எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ஊரெல்லாம் பட்டா பட்டா என்று நம் பின்னால் அலைந்தது, இப்போது நானே பட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இதற்கு முன்னால் போன நாடுகளை எழுது என்று ஒரு கட்டம். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிக்கெட் விஷயத்தில் ஒரு பாடம் கற்றேன். விலை குறைவு என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி தானாகப் போய்ச் சேரும், முதல் விமானம் தாமதமானாலும் அவர்கள் பொறுப்பு. போகும்போது மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து ஒரே மூச்சில் மெல்போர்ன். கொழும்பிலிருந்தே பத்து மணி நேரத்துக்கு மேல். உன் கால் மாதிரி என் கால் புதுசில்லை, நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும்.

சாப்பாட்டுச் சாமான்தான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. இறங்கும்போது ஒரு அட்டை தருவார்கள், தின்கிற பண்டம் எது இருந்தாலும் அதில் "ஆம்" என்று குறிக்க வேண்டும். குறித்துக் காட்டினால் பார்த்துவிட்டுத் தருவார்கள், ஆகாதென்றால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அபராதம் கிடையாது. மறைத்தால்தான் வம்பு. பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. அதில் ஒட்டி வரும் ஒரு பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களையே அழிக்கும் நோயைப் பரப்பும். மாநிலம் விட்டு மாநிலம் கூட, தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம் கொண்டு போகத் தடை, பழ ஈக்குப் பயந்து. "ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு இவ்வளவு பயப்படுற நாட்டுக்கா என்னைக் கூட்டிட்டுப் போறீங்க" என்றாள். ஆனால் நேற்று ராத்திரி பருப்புப்பொடியை மூன்று பாக்கெட்டாகப் பிரித்து, பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். வருகிறாள் என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு உதவி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கின பித்தளைத் தூக்குக்குண்டு உன் வீட்டில்தான் இருக்கிறது. எனக்கு அது வேண்டும். லைட் சதுக்கத்தில் அந்தத் தியோடலைட்டுக்குக் கீழே அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுக்கப் போகிறேன். கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் போட்டுக்கொள்கிறேன். நூலைப் புதுசாக மாற்றி அனுப்பு. கூரியரில் வேண்டாம், மாசி பிறந்ததும் உன் மருமகன் இந்தப் பக்கம் வருவான் அல்லவா, அவனிடம் கொடுத்துவிடு.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
முத்தையா