கருத்துச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தெருவாருக்கும், என் எழுத்தை வாசித்தும் வாசிக்கச் சொல்லிக் கேட்டும் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

என் முதல் சிறுகதை சென்ற மாதம் ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. இதழ் வந்த நாள் முதல் பலர் வீடு தேடி வந்து வாழ்த்தினீர்கள். சிலர் திருநெல்வேலி டவுனுக்குப் போன இடத்தில் கடை கடையாகக் கேட்டு அந்த இதழை வாங்கி வந்து காட்டினீர்கள். நேரில் உங்களுக்கு நன்றி சொன்னேன் என்றாலும், அந்தக் கதை உருவானதில் யாருக்கு என்ன பங்கு என்பதை எழுத்தில் வைப்பதே முறை என்று தோன்றியது. கதையின் தலைப்புக்குக் கீழே என் பெயர் ஒன்றுதான் அச்சாகியிருக்கிறது. ஆனால் கதையில் வருகிற பேச்சும், அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கிற நியாயமும் உங்களிடமிருந்து நான் பெற்றவை.

நூலகத்திலிருந்து தொடங்குகிறேன். முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்குப் பள்ளிப் பாடநூலுக்கு அப்பால் படிக்கக் கிடைத்தவை எல்லாம் எங்கள் ஊர்ப்புற நூலகத்தின் அலமாரிகளில் இருந்தவைதாம். வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கு உறுப்பினர் அட்டைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. அங்கேயே உட்கார்ந்து படிப்பதற்குக் கணக்கில்லை என்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் நூலகர் ஐயா. மூடும் நேரம் நெருங்கியும் நான் கடைசிப் பக்கங்களில் இருப்பதைப் பார்த்துவிட்டால், ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சாத்திக்கொண்டு வருவார். என் மேசைக்கு மேலே இருக்கிற ஜன்னல் எப்போதும் கடைசியாகத்தான் சாத்தப்படும். கதை வெளிவந்ததும் முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எனக்கு எதுக்கும்மா நன்றி? வரி கட்டுத ஊர்க்காரங்களுக்குச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னது உபசாரப் பேச்சு அன்று. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில்தான் புத்தகம் வாங்கப்படுகிறது, நாளிதழ் வருகிறது, விளக்கு எரிகிறது. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைக்காதவர்களும், எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சிமார்களும் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்திருக்கிறீர்கள். ஊரில் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவருக்கும் என் நன்றி. 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் வழியாகப் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் கல்வி உதவித்தொகையையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் நிரப்பித் தந்த ஆசிரியைகளை நான் மறக்கவில்லை.

இனி, என் எழுத்தைக் கேட்ட முதல் அவையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பிற்பகலில் எங்கள் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், அம்மாவும் பெரியம்மையும், மேலத்தெரு ஆச்சியும், பக்கத்து வீட்டு மதினியும் பீடி சுற்ற உட்காருவார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிற இலை மடியில் இருக்கும் தட்டில் ஈரம் காயாமல் கிடக்கும். ஒரு பக்கம் புகையிலைத் தூள் குவிந்திருக்கும். அளவுத் தகட்டை இலைமேல் வைத்ததும் கத்தரி அதன் விளிம்போடு ஓடும்; தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி முடிப்பதற்குள் இன்னொரு கை அடுத்த இலைக்குப் போயிருக்கும். கண்ணும் கையும் வேலையில் இருக்க, காது மட்டும் ஓய்ந்திருக்கும். அவர்களுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பு நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே என்னிடம் வந்தது. நாளிதழில் தொடங்கி, வார இதழ்த் தொடர்கதைக்கு வந்து, பிறகு நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவல்களை வாசித்தேன். வாய்விட்டு வாசிப்பதும், கேட்பவர்கள் நடுவில் மறித்துப் பேசுவதும் நம் ஊருக்குப் புதிதன்று. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் வீட்டில் நடத்திய வட்டத் தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பனின் பாடல்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டு அனுபவித்தவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள். எங்கள் தார்சாவுக்கு அப்படிப் பெயர் எதுவும் கிடையாது. ஆனால் அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எந்த அவைக்கும் இளைத்தவர்கள் அல்லர் என்று உறுதியாகச் சொல்வேன்.

வெளிவந்திருக்கும் கதையை முதலில் அவர்களுக்குத்தான் வாசித்தேன். தாய்க்கு உடம்பு சரியில்லாத ஒரு நாளில் சிறு பெண் ஒருத்தி பீடிக் கட்டுகளை, இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடைக்காரர் அவற்றில் ஒரு பகுதியைச் சரியில்லை என்று கழித்துவிடுகிறார். அவள் திரும்பி நடக்கிற இடத்தில் கதை நின்றிருந்தது. வாசித்து முடித்ததும் பெரியம்மைக்குக் கோபம் வந்தது. "கழிச்சவன் மேலதான் தப்பு. அவனை நாலு வார்த்தை கேக்க ஆள் இல்லியா கதையில?" என்றார். ஆச்சி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் மட்டும் என்ன செய்வான்? மேல இருந்து வாரவன் அவனைக் கேக்க மாட்டானா? அவனும் சம்பளக்காரன்தானே" என்றார். மதினிக்கு இந்த இரண்டும் பெரிதாகத் தோன்றவில்லை. கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. அதில் போன இலையும் தூளும் சுற்றியவள் கணக்கில்தான் விழும். "இதைச் சொல்லாம எழுதினா, வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு அந்தப் பிள்ளை ஏன் அழுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அம்மா அதுவரை பேசவில்லை. நூலைச் சுற்றி முடித்துவிட்டு, "அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து, எவ்வளவு கழிச்சாங்கன்னு அம்மைக்காரிகிட்டச் சரியாச் சொல்லுமா?" என்று மட்டும் கேட்டார்.

கதையைப் படித்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்திருக்கும். படுத்துக் கிடக்கிற தாயிடம் அந்தப் பெண் குறைத்துச் சொல்கிறாளே, அந்தக் கடைசிப் பகுதியைப் பாராட்டித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். அது அன்றைக்குத் தார்சாவில் பிறந்தது.

அந்தப் பிற்பகலுக்குப் பிறகு, ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னால் அதை ஏற்பதா மறுப்பதா என்று யோசிப்பதற்கு முன்பு, அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது. பெரியம்மை இளவயதில் கழிவு விஷயமாகக் கடையில் நியாயம் கேட்டு, அதனால் சில காலம் இலை கிடைக்காமல் இருந்தவர். ஆச்சியின் மகன் வேறொரு ஊரில் அதே போன்ற கடையில் கணக்கு எழுதி, இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர். இருவரும் தத்தம் வாழ்க்கையிலிருந்து பேசினார்கள். இருவர் பேச்சிலும் உண்மை இருந்ததால்தான் கதையில் வரும் கடைக்காரருக்கும் ஒரு முகம் கிடைத்தது. அவரைக் கொடியவராக எழுதியிருந்தால் பெரியம்மைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆச்சியின் மகன் அந்தக் கதைக்குள் வந்திருக்க மாட்டார்.

பேட்டை வழியாக டவுனுக்குப் போகும் பேருந்திலும் இதையே கற்றேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்வருவது எனக்குச் செலவில்லாத காரியமாயிற்று. வழியெல்லாம் கேட்கக் கிடைக்கிற பேச்சோ அளவில்லாதது. பேரனை இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று ஓர் அம்மாள் ஒரு நாள் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்குத் தமிழ் மீடியம்தான் நல்லது என்றார். சேரன்மகாதேவி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கதை வரைக்கும் பேச்சு எங்கெங்கோ சுற்றி வந்த பிறகு, அந்த அம்மாள் குரல் தணிந்து, மஸ்கட்டில் வேலைக்குப் போன மகன் விமான நிலையத்தில் படிவம் நிரப்பத் தெரியாமல் அடுத்தவர் கையை எதிர்பார்த்து நின்றதைச் சொன்னார். பயிற்றுமொழி பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு; பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த மகன் நின்ற இடத்தை மறந்துவிட்டு அந்தக் கருத்தை என்னால் எழுத முடியாது. அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. இம்மடல் அவர் கையில் கிடைக்க வழியில்லை என்று அறிந்தே அவருக்கும் நன்றி சொல்கிறேன்.

என் தமிழைச் செம்மை செய்தவர், எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சார்வாள். ராஜவல்லிபுரத்தைச் சேர்ந்தவரும் 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவருமான எழுத்தாளர் வல்லிக்கண்ணன், 2000ஆம் ஆண்டில் அவ்விருதைப் பெற்ற டவுன்காரரான விமர்சகர் தி.க.சி. ஆகிய இருவரும் முன்பின் அறியாத இளம் எழுத்தாளர்களுக்கும் கதையைப் படித்த கையோடு கடிதம் எழுதியவர்கள். நம் மாவட்டத்துக்கு அவர்கள் விட்டுச் சென்ற பழக்கம் அது. சார்வாள் தம் இளவயதில் தி.க.சி.யிடமிருந்து வந்த அஞ்சலட்டைகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதனால்தானோ என்னவோ, இரண்டு தெரு தள்ளி இருக்கிற எனக்கும் தம் கருத்தை 50 காசு அஞ்சலட்டையில் எழுதித் தபாலில்தான் அனுப்புவார். இந்தக் கதைக்கு வந்த அட்டையில், சந்தி பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகக் குறித்துவிட்டு, "கடைக்காரரைப் பற்றி மூன்றாம் பத்தியில் நீ சொல்லும் அபிப்பிராயம் வேண்டாம். அவர் கழித்த பீடியைத் தனியாக எடுத்து வைக்கும் விதத்தை நன்றாக எழுதியிருக்கிறாய், வாசகர் புரிந்துகொள்வார்" என்று முடித்திருந்தார். அந்தப் பத்தி இப்போது நான்கு வரியாக நிற்கிறது. சார்வாளின் கையெழுத்து விளிம்பு வரைக்கும் நெருங்கி நெருங்கிப் போயிருந்த அந்த அட்டையை என் கதையேட்டின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இன்னும் சிலருக்குச் சுருக்கமாகவாவது நன்றி சொல்லாமல் முடியாது. நான் கணக்கு எழுதும் கடையின் முதலாளி அண்ணாச்சி, வியாபாரம் குறைந்த நேரங்களில் நான் எழுதுவதைத் தடுக்காததோடு, பழைய பேரேடுகளில் எழுதாமல் விட்ட தாள்களைச் சேர்த்துத் தைத்து எனக்கு நோட்டுப் போட்டுக் கொடுத்தார். 2023 டிசம்பரில் பெருமழை கொட்டித் தாமிரபரணி கரை மீறி வந்தபோது, அரிசி மூட்டைக்கு அடுத்தபடியாக என் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு மச்சுக்கு ஏறிய தெருப் பையன்களுக்கு அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடத் தெரியாது. கையெழுத்துப் பிரதியைக் கணினியில் ஏற்றித் தந்த தங்கைக்கும், கதையின் பேச்சு வழக்கில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் வெளியிட்ட இதழாசிரியருக்கும் நான் கடமைப்பட்டவள்.

கதை பிடிக்கவில்லை என்று சொன்னவர்களுக்கும் இம்மடலில் இடமுண்டு. டீக்கடையில் நாளிதழ் படிக்க வரும் தாத்தா ஒருவர், நம் ஊர்க் கஷ்டத்தை ஏன் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று என்னிடம் நேராகவே கேட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் நம் பிள்ளைகளை இளக்காரமாக நினைத்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. இரண்டு பேத்திகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறவரின் கவலை அது. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் தாத்தா, கைவேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களைப் பற்றி எழுதுவதில் நமக்குக் குறைவு எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். அதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீங்கள் முகத்துக்கு நேரே கேட்டதால்தான் எனக்கும் இதைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. அடுத்த கதையையும் நீங்கள் படித்துவிட்டு மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதழின் பிரதிகளை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். படிக்கக் கிடைக்காதவர்கள் அங்கே வாங்கிப் படிக்கலாம். அடுத்த கதை, பேருந்தில் பேசிக்கொண்டு வந்த அந்த அம்மாளையும் மஸ்கட்டில் இருக்கும் மகனையும் மனத்தில் வைத்து எழுதியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எங்கள் தார்சாவில் வாசிக்க இருக்கிறேன். நூலகர் ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெளிநாடு போய்த் திரும்பிய அண்ணன்மார்கள் யாராவது வந்தால், விமான நிலையத்தில் நடக்கிற காரியங்களைப் பற்றி எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. வாசிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டுமென்று தோன்றினாலும் தயங்காமல் கேளுங்கள்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை