ஊஞ்சல் பலகையிலிருந்து உரிந்து வந்த பூச்சு: ஒரு புகார்

அனுப்புநர்: உங்கள் மரப்பூச்சுத் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர், கும்பகோணம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பூச்சு உரிந்தது, தவறான செய்முறைத் தாள், பணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மா,

போன மாதம் உங்கள் இணையக் கடையில் தொடக்கநிலை மரப்பூச்சுத் தொகுப்பு ஒன்றை 2,850 ரூபாய்க்கு வாங்கினேன். ஆளிவிதை எண்ணெய், அரக்கு சீலர் (அடிப்பூச்சு), பி.யூ. (பாலியூரிதேன்) வார்னிஷ், தேன்மெழுகு பாலிஷ் என 4 டப்பாக்கள். எதன் மேலும் எதையும் பூசலாம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பினது என் தப்புதான்.

நான் தொழில் ஆசாரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் இழைப்புளியும் ரம்பமுமாக உட்காருகிற ஆள். அப்பா காலத்துத் தேக்கு ஊஞ்சல் பலகையை இழைத்து, 80, 120, 220 என்று வரவர நைசான உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். எங்கள் தெரு ஆசாரி, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிற ஸ்பிரிட் பாலிஷே போதும் என்றார். ஆனால் வீட்டில் ஊஞ்சல்மேல்தான் காபி டம்ளர் வைப்பார்கள். வெறும் அரக்கில் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அதற்காகத்தான் மேலே பி.யூ. வேண்டும் என்று நினைத்தேன்.

உங்கள் தாளில் உள்ளபடியே செய்தேன். முதலில் எண்ணெய், 24 மணி நேரம் கழித்து அரக்கு, 2 மணி நேரம் கழித்து பி.யூ. 2 கோட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் பேத்தி ஓரத்தை நகத்தால் நெருடினாள். காய்ந்த வடாம் துணியை விட்டு வருவது போல, பி.யூ. படலம் மட்டும் கையோடு வந்துவிட்டது.

உங்கள் உதவி எண்ணில் பேசியவர், "ஈரப்பதம் சார், மழைக்காலம்" என்றார். மழை ஈரம் பட்டால் ஸ்பிரிட் பூச்சு பால் போல வெளுக்கும். என் பலகையில் வெளுப்பே இல்லை. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று அதே தேக்கின் மிச்சத் துண்டுகளில் பூசினேன். ஒரு வாரம் காயவிட்டு, பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, செலோ டேப் ஒட்டி இழுத்தேன். வெறும் மரத்தில் பூசிய பி.யூ. நின்றது. உங்கள் அரக்கின் மேல் பூசியது டேப்போடு வந்தது. தனியாக வாங்கிய மெழுகு நீக்கிய அரக்கின் மேல் பூசியது அசையவில்லை. உங்கள் எண்ணெயின் மேல் பூசியதை டேப் போட்டுப் பார்க்கவே முடியவில்லை. ஒரு வாரம் கழித்தும் விரல் ஒட்டியது.

அப்புறம் உங்கள் அரக்கைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு வாரம் ஆடாமல் வைத்தேன். அடியில் கலங்கலாக ஒரு அடுக்கு தங்கியது. அது அரக்கில் இயற்கையாகவே இருக்கிற மெழுகு. மெழுகின் மேல் பி.யூ. சரியாகப் பிடிக்காது என்பது பூச்சு விற்கும் உங்களுக்குத் தெரியாதா? எண்ணெயும் உலர்த்தி (சீக்கிரம் காயவைக்கச் சேர்க்கும் பொருள்) சேர்க்காத பச்சை எண்ணெய் என்றே நினைக்கிறேன். அது காற்றை வாங்கி இறுகப் பல நாள், சமயத்தில் வாரக்கணக்கில் ஆகும். 24 மணி நேரத்துக் கதை அதற்குப் பொருந்தாது. டப்பாவில் பச்சையா, உலர்த்தி சேர்த்ததா என்று ஒரு வரி இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எதை எதோடு சேர்ப்பதென்று நான் எப்படிக் கற்றுக்கொள்வது?

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகக் கோபம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். தாளில் இதைப் பற்றி மூச்சே இல்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தேன்.

தேன்மெழுகு பாலிஷில் குறையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2,850 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுரண்டிய கூலியைக் கேட்கவில்லை. அரக்கு மெழுகு உள்ளதா நீக்கியதா, எண்ணெய் எந்த வகை, எதன் மேல் எது கூடாது என்பதை டப்பாவிலேயே அச்சிடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், 4 துண்டுகளின் படங்கள், உரிந்த படலம் ஒரு உறையில்.