பயிற்சியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து, ஸ்கேனுக்கும் மருந்துக்கும் நீயே எழுதிக் கொடுத்த பிறகு, "டாக்டர் எப்போது வருவார்?" என்று அந்தப் பெரியவர் கேட்டதாகவும், வார்டில் உன்னோடு வேலை பார்த்தவர்களோ "இனி நீ டாக்டர்கள் பக்கம்தானே" என்று ஒதுங்குவதாகவும் போனில் சொல்லி வருந்தினாய். ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் என்ற முறையில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

செவிலியராக இருந்தவரே மேற்பயிற்சி பெற்று, நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதித் தரும் இந்த 'அட்வான்ஸ்டு பிராக்டிஷனர்' பணி தொடக்கத்திலிருந்தே இந்தச் சங்கடத்தோடுதான் வளர்ந்திருக்கிறது. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இதே வகைப் பணிக்கான முதல் 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கியபோது, செவிலியர் கல்வியாளர்களே அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நீ இருக்கும் இங்கிலாந்தில், சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆராய்ச்சி என்ற நான்கு தூண்களோடு 2017-இல் இந்தப் பணிக்கு ஒரு வரையறை வந்தது. ஆனாலும் 'அட்வான்ஸ்டு பிராக்டிஷனர்' என்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பெயர் அல்ல என்பதால், உன் பேட்ஜைப் பார்த்து உன் வேலை இன்னதென்று அந்தப் பெரியவர் அறிய வழியில்லை. அவர்மேல் கோபப்படாதே.

தேர்ந்த செவிலியர்கூடப் பழக்கமில்லாத துறைக்குள் நுழைந்தால் மறுபடி தொடக்கநிலைக்கு வந்துவிடுவார் என்று பாட்ரிசியா பென்னர் என்ற செவிலியர் கல்வியாளர் 1984-இலேயே எழுதினார். உன் தடுமாற்றத்தில் பாதி அதுதான். மீதிப் பாதி பொறுப்பு. நான் வேலை பார்த்த காலத்தில், இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கினால், கேஸ் ஷீட்டில் "டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று நேரத்தோடு எழுதிவிட்டு, அவர் வரும்வரை செய்ய வேண்டியதைச் செய்து கொண்டிருப்போம். முடிவு அவருடையது என்பதில் எங்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. உனக்கு அந்த வரி இல்லை. தெரிவிக்கப்பட வேண்டியவளே நீதான். மருந்துச் சீட்டில் உன் பெயர் நிற்கிறது என்ற கனம் பழகப் பழகத்தான் இந்தப் பணி உன்னுடையதாகும் என்று நினைக்கிறேன். பட்டம் வாங்கிய அன்றே அது நடந்துவிடாது.

கட்டிலோரம் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்ததைப் பார்த்து, சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் அளவைக் குறைத்ததாகச் சொன்னாயே, அதில் தட்டைக் கவனித்த கண் செவிலியருடையது, அளவை மாற்றிய கை புதிய பயிற்சியினுடையது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால் "நான் டாக்டர் இல்லை" என்று நீ யார் இல்லை என்பதைச் சொல்லித் தொடங்காமல், உன் பெயரையும் பதவியையும் சொல்லி, இன்று என்ன செய்யப் போகிறாய் என்பதையும் சொல்; யாராவது டாக்டர் என்று அழைத்தால் அங்கேயே திருத்திவிடு.

உன் முடிவைக் கன்சல்டன்ட், அதாவது மூத்த சிறப்பு மருத்துவர், மாற்றிய அன்று அவர் சொன்ன காரணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை முழுதாகச் சொல். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் யூரியா, கிரியேட்டினின் அளவுகள் அந்த நோயாளிக்கு எவ்வளவு இருந்தன என்பதையும் பார்த்து வை.

அன்புடன்,
அம்மா