செத்தவனை யார் எடுத்துக்கொண்டு போவது?

புதுச்சேரி,
28.11.2023

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. போனில் இரண்டு வார்த்தையில் முடிக்கிற விஷயமாகத் தெரியவில்லை, அதனால்தான் தாமதம். இங்கே எல்லோரும் நலம். தீபாவளியிலிருந்து விட்டு விட்டு மழை. மொட்டைமாடியில் தண்ணீர் நின்று கூடத்துச் சுவர் ஊறிப்போய்விட்டது, தை பிறந்ததும் தளம் போட வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. போன வாரம் கடலூர் போனபோது உங்கள் வீட்டுக்கும் போயிருந்தேன். உங்கள் அம்மா சாப்பிடாமல் விடவில்லை. வஞ்சிரக் குழம்பு. பொங்கலுக்கு நீ வருகிறாயா என்று மூன்று தடவை கேட்டார். போன் பண்ணிச் சொல்லிவிடு.

சரி, கால் ஆஃப் டியூட்டி வரிசையில் இப்போது வந்திருக்கும் வீடியோ கேம் மாடர்ன் வார்ஃபேர் 3க்கு வருகிறேன். "விமர்சகர்கள் எல்லாம் கும்பலாகச் சேர்ந்து அடிக்கிறார்கள், நீயாவது நியாயமாகச் சொல்" என்று எழுதியிருந்தாய். கேம்பெயினை, அதாவது தனியாக ஆடுகிற கதைப் பகுதியை, முழுவதும் முடித்துவிட்டேன். நெட்டில் பலர் மோதுகிற மல்டிபிளேயரும் பத்துப் பன்னிரண்டு ராத்திரி ஆடிவிட்டேன். அதனால் இப்போது சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் உன் கட்சியைப் பேசுகிறேன். மல்டிபிளேயரில் நீ சொல்வது சரிதான். வெளியீட்டு நாளில் வந்த 16 மேப்பும், அதாவது சண்டைக் களமும், 2009 மாடர்ன் வார்ஃபேர் 2இல் இருந்தவை என்பதை எல்லோரும் குற்றமாகச் சொல்கிறார்கள். பழைய கள், புதிய மொந்தை என்கிறார்கள். ஆனால் டெர்மினல் மேப்பில் அந்த விமானத்துக்குள் ஓடி ஏறியபோது எனக்குக் கை தானாகவே வழி காட்டியது. ஹைரைஸில் அந்தக் கிரேன், ரஸ்ட்டில் நடுவில் நிற்கும் கோபுரம், எதுவும் மறக்கவில்லை. உயிர் அளவை 100இலிருந்து 150 ஆக்கியது நல்ல மாற்றம். முதுகில் குண்டு பட்டாலும் திரும்பிப் பார்க்க ஒரு நொடி கிடைக்கிறது. சைலன்சர் இல்லாமல் சுட்டால் மினிமேப்பில் சிவப்புப் புள்ளி தெரிவதும், அடுத்த மேப்புக்கு ஓட்டுப் போடுவதும் திரும்பி வந்திருக்கின்றன. போன வருடத்து ஆட்டத்தில் எது எது இல்லை என்று நாம் புலம்பினோமோ அதையெல்லாம் கேட்டுச் செய்திருக்கிறார்கள். இதை ஒத்துக்கொள்கிறேன்.

கேம்பெயினில்தான் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. ஐஜிஎன் விமர்சனத் தளம் பத்துக்கு நான்கு கொடுத்ததைப் பார்த்து நீ கொதித்துவிட்டாய். எனக்கு அந்த மதிப்பெண்ணில் சண்டை இல்லை. அவர்களும் மற்றவர்களும் சொல்கிற காரணத்தில்தான் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, 70 டாலருக்கு இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். காசு கொடுத்தவன் கேட்கிற நியாயமான கேள்விதான். ஆனால் 2007இல் வந்த முதல் மாடர்ன் வார்ஃபேர் மட்டும் என்ன நீளம்? சண்டே மார்க்கெட்டில் அந்த டூப்ளிகேட் டிவிடியை வாங்கி, நீ சனிக்கிழமை பஸ் ஏறி முத்தியால்பேட்டை வந்து, இரண்டு வாரத்தில் முடித்துவிட்டோம். அதுவும் ஆளுக்கு ஒரு மிஷன் என்று மாற்றி மாற்றி ஆடி. சின்னது என்று நாம் அப்போது சொன்னோமா?

அந்த ஹெலிகாப்டர் கட்டம் உனக்கு நினைவிருக்கும். அணுகுண்டு வெடித்து, ஹெலிகாப்டர் விழுந்து, நாம் ஆடுகிற அமெரிக்கச் சிப்பாய் ஜாக்சன் தவழ்ந்து வெளியே வருவான். வானம் முழுக்கச் செம்மஞ்சள். நீதான் கீபோர்டில் உட்கார்ந்திருந்தாய். எங்கேயாவது தப்பிக்க வழி இருக்கும் என்று மூன்று தடவை திரும்ப ஆடினாய். இடப்பக்கம் போய்ப் பார்த்தாய், வலப்பக்கம் போய்ப் பார்த்தாய். மூன்று தடவையும் அவன் செத்தான். அப்புறம் நாம் கடைக்குப் போய் டீ குடித்தோம், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நடந்து போகக்கூட முடியாத ஒருவனின் கடைசி நிமிடங்களை நம் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் நேரம் ஒதுக்கினார்கள். அந்த நேரம்தான் இந்த ஆட்டத்தில் காணாமல் போயிருக்கிறது.

சோப் என்கிற வீரனை எடுத்துக்கொள். 2011இல் வந்த பழைய மாடர்ன் வார்ஃபேர் 3இல் அவன் பிராகில் செத்ததை நாம் பார்த்திருக்கிறோம். அடிபட்டவனை அவன் கேப்டன் பிரைஸ் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக ஓடுவான், நாம் யூரி என்கிற வீரனாக இருந்து பின்னாலும் முன்னாலும் சுட்டு வழி விடுவோம். ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் மேசைமேல் கிடத்துவார்கள். உயிர் போனதும் பிரைஸ் தன் பழைய கைத்துப்பாக்கியை எடுத்து அவன் நெஞ்சில் வைப்பான். 2007 ஆட்டத்தின் கடைசியில் பாலத்தில் சோப்புக்குத் தள்ளிவிட்ட அதே துப்பாக்கி. நாலு வருடத்துக் கதை அந்த ஒரு துப்பாக்கியில் இருந்தது.

இந்தத் தடவை? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடிச் சுரங்கம், வெடிகுண்டு, வில்லன் மகரோவ் சுடுகிறான், சோப் விழுகிறான், குண்டைச் செயலிழக்க வைக்கிற அவசரம். அடுத்த காட்சியில் ஒரு மலையோரத்தில் நின்று அஸ்தியைத் தூவுகிறார்கள். பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்துவிடுகிறது. சுரங்கத்திலிருந்து அவனை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? அவன் கூட்டாளி கோஸ்ட் அந்த ராத்திரி என்ன செய்தான்? எதுவும் இல்லை. நான் ரிமோட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை மாப்ளே, கோபம்தான் வந்தது.

விமானத்தில் நடக்கிற அந்த மிஷனும் அப்படித்தான். உர்சிக்ஸ்தான் என்கிற கற்பனை நாட்டுப் பெண் சமாரா, உடம்பில் குண்டைக் கட்டிவிடுகிறார்கள், அவளாகவே நாம் இருக்கிறோம். எவ்வளவு கனமான கட்டம்! சில நிமிடத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2009இல் விமான நிலையத்தில் பொதுமக்களைச் சுடுகிற மிஷனை வைத்து உலகமே சண்டை போட்டது. அது சரியா தப்பா என்று நாமே காந்தி திடலில் உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணிவரை பேசினோம். இதைப் பற்றிப் பேசவும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த ஓப்பன் காம்பாட் மிஷன்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு பெரிய இடத்தில் இறக்கிவிட்டு, பெட்டியைத் திற, கவசத் தகட்டைப் பொறுக்கு, துப்பாக்கியை மாற்று என்கிறார்கள். கம்ப்யூட்டர் ஆட்களை வைத்து, இதே வரிசையின் ஆன்லைன் ஆட்டமான வார்சோன் ஆடுகிற மாதிரிதான் இருக்கிறது. அதன் பழைய மேப்பான வெர்டான்ஸ்கின் அணையும் ஸ்டேடியமும் வேறு கண்ணில் படுகின்றன. செத்தாலும் பொறுக்கின துப்பாக்கி கையிலேயே இருக்கிறது, அதனால் சாவுக்கு பயமும் இல்லை. நல்லதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது: முதல் மிஷனில் சிறையை உடைத்து உள்ளே போகும்போது நாம் யாருக்காக வேலை செய்கிறோம் என்று கடைசியில் தெரிகிற இடம் பிரமாதம். சிஐஏ அதிகாரி லாஸ்வெல் மாறுவேடத்தில் ராணுவ முகாமுக்குள் நடக்கிற மிஷனும் எனக்குப் பிடித்தது. அவசரப்படாமல் செய்திருந்தால் இவர்களால் முடியும் என்பதற்கு அந்த இரண்டும் போதும்.

அவசரம் என்று நான் சும்மா சொல்லவில்லை. சுமார் 16 மாதத்தில் இதை முடித்தார்கள் என்று புளூம்பெர்க் செய்தி போட்டது. இதைச் செய்த ஸ்லெட்ஜ்ஹாமர் ஸ்டுடியோவின் தலைவர் அதை மறுத்தார், பல வருட உழைப்பு என்றார். இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வருடா வருடம் ஒரு ஆட்டம் வந்தே ஆக வேண்டும் என்கிற கணக்கு, ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தவர்களுக்கு நல்லது செய்திருக்காது. என் கோபம் அவர்கள்மேல் இல்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 2019 ஆட்டத்தில் 'ஹைவே ஆஃப் டெத்' (மரண நெடுஞ்சாலை) என்று ஒரு சாலை வரும், ரஷ்யர்கள் குண்டு போட்டு ஓடுகிறவர்களைக் கொன்ற சாலை என்று ஃபாரா என்கிற போராளி சொல்வாள். அதே பெயரில் நிஜமான சாலை ஒன்று உண்டு. 1991 பிப்ரவரியில் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியர்கள்மேல் அமெரிக்கத் தலைமையிலான படைகள் குண்டு போட்ட சாலை. பெயரை எடுத்துக்கொண்டு, கொன்றவனை மட்டும் மாற்றிவிட்டார்கள். அப்போது நாம் இதை லேசாக விட்டுவிட்டோம். செத்தவர்கள்மேல் மரியாதை இல்லாத இடம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், தாத்தா. எங்கள் சொல்தா தாத்தாவை நீ பார்த்திருக்கிறாய். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்தவர். சைகோனைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார், மழையைப் பற்றிச் சொல்வார், சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஜூலை 14 வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுச்சின்னத்துக்குப் போவார். நாம் ஆடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார், ஞாபகம் இருக்கிறதா? "அது சரி தம்பி, செத்தவனக் காணோமே, யாரு எடுத்துக்கிட்டுப் போறா?" என்று கேட்டார். நீ, "தானா மறைஞ்சிடும் தாத்தா" என்றாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். 2012இல் அவர் போகும்வரை அவரிடம் நான் அதைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஆட்டம் வெளிவந்தது நவம்பர் 10. முன்பதிவு செய்தவர்களுக்குக் கேம்பெயின் மட்டும் எட்டு நாள் முன்னாலேயே கிடைத்துவிட்டது, நான் பத்தாம் தேதி ராத்திரிதான் முடித்தேன். மறுநாள் நவம்பர் 11, முதல் உலகப்போர் நின்ற நாள். காலையில் பீச் ரோட்டில் நடக்கப் போனேன். நினைவுச்சின்னத்துக்கு மலர்வளையம் வைக்க ஏற்பாடு. தீபாவளிக்கு முந்தின நாள் என்பதால் பக்கத்துத் தெருவில் பையன்கள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். 1938இல் திறந்தது அது. சின்ன வயதிலிருந்து அதைத் தாண்டித்தான் போகிறோம், வெண்கலச் சிப்பாயைப் பார்த்திருக்கிறோம். அன்றைக்குத்தான் கொஞ்ச நேரம் நின்றேன். நம் மண்ணிலிருந்து கப்பல் ஏறிப் போய்த் திரும்பாதவர்களுக்காக வைத்தது. தாத்தா கேட்ட கேள்வி அங்கேதான் மறுபடியும் காதில் விழுந்தது.

"சரி, நல்ல ஆட்டம் என்றால் எப்படி இருக்கணும், சொல்லு" என்று கடைசியில் கேட்டிருந்தாய். உங்கள் ஊரிலேயே கதை இருக்கிறது மாப்ளே. 1783 ஜூன். கடலூரில் பிரெஞ்சுக்காரர்கள், வெளியே ஆங்கிலேயர்கள் முற்றுகை, இரண்டு பக்கமும் நம் ஆட்கள் சிப்பாய்கள். திப்புவின் வீரர்களும் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம். 13ஆம் தேதி தரையில் பெரிய சண்டை, நூற்றுக்கணக்கில் சாவு. 20ஆம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அந்தச் செய்தி கப்பலில் ஜூன் கடைசியில்தான் இங்கே வந்து சேர்ந்தது. அதற்குள் செத்தவன் எதற்குச் செத்தான்? ஒரு சிப்பாயாக அந்த இரண்டு வாரத்தை ஆடச் சொல்லட்டும். சண்டை முடிந்த மறுநாள் காலையில் களத்துக்குப் போய்த் தன் ஊர்க்காரனைத் தேடுகிற ஒரு மிஷன் வைக்கட்டும். துப்பாக்கியே வேண்டாம். மூன்று மணி நேர ஆட்டமாக இருந்தாலும் முழுக் காசு கொடுத்து வாங்குவேன்.

உன்மேல் கோபம் இல்லை. ராத்திரி ஆபீஸ் வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கின பிறகு, ஒரு மணி நேரம் ரஸ்ட்டில் சுட்டுவிட்டுப் படுக்கிறாய், அதில் ஒரு தப்பும் இல்லை. நானும் இன்று ராத்திரி வருவேன். ஆனால் கதையை எவன் பார்க்கிறான் என்று மட்டும் எழுதாதே. ஜாக்சனுக்காக மூன்று தடவை திரும்ப ஆடியவன் நீ.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் சேர்த்து லீவு போடு. தேவனாம்பட்டினத்தில் கெடிலக் கரையோரம் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பள்ளிக்கூடக் காலத்தில் பார்த்தது, பெரியவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அந்தப் பழைய டிவிடி உன் வீட்டுப் பரணில் இருக்கும் என்று உங்கள் அம்மா சொன்னார். தேடி எடுத்து வை. ஓடுகிறதா பார்ப்போம்.

அன்புடன்,
உன் மாப்ளே