வரைபடக் கல்வி திட்டக் கோப்பிலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருள்களை மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் அறிமுகப்படுத்தும் கட்டுரைகளுக்கு நாளிதழ்கள் இடமளிப்பது வரவேற்கத்தக்கது. நிலவரைபடங்களை உருவாக்கவும் ஆராயவும் பயன்படும் கியூஜிஐஎஸ் மென்பொருளை, அதாவது 2002-ஆம் ஆண்டில் கேரி ஷெர்மன் தொடங்கி இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் அந்த மென்பொருளை, தொடக்க நிலையினருக்குக் கற்பித்து வருபவன் என்ற முறையில் ஒரு குறையைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். அறிமுகக் கட்டுரைகளும் பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் ஓர் அடுக்கை, அதாவது ஆறுகள், சாலைகள் போன்ற ஒருவகைத் தரவின் தொகுப்பை, சேர்ப்பது, அதற்கு நிறம் கொடுப்பது, இடப்பெயர்களை இடுவது, படமாக ஏற்றுமதி செய்வது என்ற வரிசையிலேயே செல்கின்றன. சிறிது நேரத்தில் கண்ணைக் கவரும் ஒரு படம் கிடைத்துவிடுவதால் கற்பவருக்கு ஊக்கம் பிறக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு அடித்தளமான திட்டக் கோப்பை முறையாக அமைப்பது பற்றி யாரும் முதலில் சொல்லிக் கொடுப்பதில்லை. பின்னாளில் கற்பவர் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கிருந்தே பிறக்கிறது.

திட்டக் கோப்பு என்பது தரவைத் தன்னுள் வைத்திருப்பதில்லை என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கியூஜிஇசட் என்ற பின்னொட்டுடன் சேமிக்கப்படும் அக்கோப்பு உண்மையில் சுருக்கப்பட்ட ஒரு பொதி. அதனுள்ளே இருப்பது எந்தெந்த அடுக்குகள் எங்கே உள்ளன, அவற்றை எந்த நிறத்தில் எந்த வரிசையில் காட்ட வேண்டும், இடங்களை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு அமைப்புகளில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்பன போன்ற குறிப்புகள் அடங்கிய எக்ஸ்எம்எல் என்ற உரைவடிவ ஆவணம்தான். ஆறுகளும் சாலைகளும் எல்லைக்கோடுகளும் வேறு கோப்புகளில், அவை முன்பிருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதை அறியாத மாணவர், மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்த திட்டக் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் ஆசிரியருக்கு அனுப்புகிறார். மறுமுனையில் அதைத் திறப்பவருக்கு, அடுக்குகளைக் காணவில்லை என்ற அறிவிப்பும் வெற்றுத் திரையும் மட்டுமே கிடைக்கின்றன.

இதைத் தவிர்க்கும் வழி மிக எளியது. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பணிக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி, மூலத்தரவுக்கு ஓர் உட்கோப்புறையும், தாம் திருத்தி உருவாக்கும் அடுக்குகளுக்கு மற்றொன்றும், வெளியீடுகளுக்கு இன்னொன்றும் அமைத்து, வெற்றுத் திட்டத்தை அந்தத் தலைமைக் கோப்புறையில் சேமித்துவிட்டு, அதன் பிறகே முதல் அடுக்கைச் சேர்க்க வேண்டும். அவ்வாறு செய்தால் திட்டக் கோப்பு தன் இருப்பிடத்தைச் சார்ந்த பாதைகளாக அடுக்குகளின் முகவரியைக் குறித்துக்கொள்ளும். கோப்புறையை அப்படியே வேறொரு கணினிக்கு நகலெடுத்தாலும் எல்லாம் திறக்கும். சார்புப் பாதையே இம்மென்பொருளின் இயல்பான தேர்வு என்றாலும், தரவு ஒரு வட்டிலும் திட்டம் வேறொரு வட்டிலும் இருக்குமானால் அந்தத் தேர்வு பயனற்றுப் போகிறது. பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தே நேராக அடுக்குகளை இழுத்துப் போடும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். நினைவகத்தில் மட்டும் வாழும் தற்காலிக அடுக்குகளைப் பற்றியும் அதே வகுப்பில் எச்சரிக்க வேண்டும். திட்டத்தைச் சேமித்தாலும் அவை சேமிக்கப்படுவதில்லை, மென்பொருளை மூடியதும் அவற்றின் உள்ளடக்கம் அழிந்துவிடும்.

கோப்புறையைவிடக் கூடுதல் விளக்கம் தேவைப்படுவது ஆயத்தொலைவு அமைப்பு. உருண்டையான புவிப்பரப்பைத் தட்டையான திரையில் விரிக்கும்போது தொலைவு, பரப்பு, கோணம், வடிவம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது சிதைந்தே தீரும். எதைக் காத்து எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவே ஆயத்தொலைவு அமைப்பைத் தேர்வதாகும். இந்த முடிவைப் பயனர் எடுக்காவிட்டால் மென்பொருள் எடுத்துவிடுகிறது. வழக்கமான அமைப்பில், முதலில் சேர்க்கப்படும் அடுக்கின் ஆயத்தொலைவு அமைப்பையே திட்டம் ஏற்றுக்கொள்கிறது. பெரும்பாலோர் பின்னணிக்காக, தன்னார்வலர்கள் உருவாக்கும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இணையப் படத்தை முதலில் சேர்ப்பதால், திட்டம் இபிஎஸ்ஜி 3857 (இபிஎஸ்ஜி என்பது ஆயத்தொலைவு அமைப்புகளுக்கு எண் தரும் பட்டியல்) என்ற இணைய மெர்க்கேட்டர் அமைப்புக்குள் சென்றுவிடுகிறது. இந்த அமைப்பு திரையில் படத்தை விரைவாகக் காட்டுவதற்கு ஏற்றதே தவிர, தட்டைப் பரப்பில் அளப்பதற்கு ஏற்றதன்று. 60 பாகை அட்சரேகையில் நீளங்கள் ஏறத்தாழ இரு மடங்காகவும் பரப்புகள் நான்கு மடங்காகவும் பெருத்துத் தோன்றும்.

அட்சரேகை, தீர்க்கரேகைகளால் இடத்தைக் குறிக்கும் இபிஎஸ்ஜி 4326-இல் அமைந்த அடுக்குகளில் சிக்கல் வேறு விதமானது. அங்கே அலகு மீட்டர் அன்று, பாகை. ஒரு கிணற்றைச் சுற்றி 500 மீட்டர் வளையம் வரைய நினைத்து, இடையக வளையக் கருவியில் 500 என்று தட்டச்சு செய்பவர், தம்மை அறியாமல் 500 பாகை கேட்கிறார். புவியின் முழுச் சுற்றே 360 பாகைதான். திட்டத்தின் ஆயத்தொலைவு அமைப்பை மாற்றிவிட்டால் இது சரியாகிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று, ஏனெனில் அக்கருவி அடுக்கின் ஆயத்தொலைவு அமைப்பையே பார்க்கிறதேயன்றித் திட்டத்தினுடையதைப் பார்ப்பதில்லை. பணிபுரியும் பகுதி, மீட்டரை அலகாகக் கொண்ட யூடிஎம் அமைப்பின் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று கண்டறிந்து, அடுக்கை அந்த மண்டலத்தின் ஆயத்தொலைவு அமைப்புக்கு மாற்றிப் புதிய கோப்பாகச் சேமிப்பதே முறை. ஒவ்வொன்றும் 6 பாகை அகலம் கொண்ட 60 மண்டலங்களாக யூடிஎம் உலகைப் பிரிக்கிறது. சிறு நிலப்பகுதிகளை மீட்டரில் அளக்க அது போதுமானது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். அடுக்கின் ஆயத்தொலைவு அமைப்பை அமைப்பதும், அடுக்கை வேறோர் அமைப்புக்கு மாற்றுவதும் இரு வேறு செயல்கள். முன்னது, உள்ளே இருக்கும் எண்களைத் தொடாமல், அவை எந்த அமைப்பைச் சேர்ந்தவை என்ற குறிப்பை மட்டும் மாற்றுகிறது. பின்னது எண்களையே புதிதாகக் கணக்கிட்டு எழுதுகிறது. குறிப்பு விடுபட்டுப்போன அடுக்குக்கு மட்டுமே முன்னது பொருந்தும். சரியான குறிப்புள்ள அடுக்கில் அதைப் பயன்படுத்தினால், ஒரு நகரம் கடலின் நடுவில் போய் நிற்பதைக் காணலாம். வெவ்வேறு அமைப்புகளில் உள்ள அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டும் வேலையை மென்பொருள் தானாகவே செய்துகொள்ளும் என்பதால், காட்சிக்காக மட்டும் எவரும் இந்தக் குறிப்பை மாற்றத் தேவையில்லை.

தமிழில் தரவு உருவாக்குவோர் கோப்பு வடிவத்தையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. அடுக்குகளைச் சேமிக்க இன்றும் பெரிதும் புழங்கும் ஷேப்ஃபைல் வடிவத்தில் புலத்தின், அதாவது தரவு அட்டவணையின் ஒரு நெடுவரிசையின், பெயருக்கு 10 பைட்டுகளே உண்டு. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (எழுத்துக்கோ அதனுடன் சேரும் உயிர்க்குறிக்கோ) 3 பைட்டுகள் தேவைப்படுவதால், மூன்று குறியீடுகளைத் தாண்டி ஒரு புலத்துக்குத் தமிழில் பெயர் வைக்க இயலாது. ஒரே அடுக்கு பல கோப்புகளாகச் சிதறிக் கிடப்பதும், அவற்றில் ஒன்றைத் தவறவிட்டு நகலெடுப்பதும் அவ்வடிவத்தின் பழைய தொல்லைகள். திறந்த புவிவெளிக் கூட்டமைப்பு 2014-இல் தரநிலையாக வெளியிட்ட ஜியோபேக்கேஜ் வடிவத்தில் இத்தடைகள் இல்லை. பல அடுக்குகளை ஒரே கோப்பில் வைக்கலாம், விரும்பினால் திட்டத்தையே அதற்குள் சேமிக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு ஷேப்ஃபைலைக் கற்பிக்க இனி ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பிறர் தரும் ஷேப்ஃபைலைத் திறக்கத் தெரிந்தால் போதும்.

நிறுவும்போது, பிழைத்திருத்தங்கள் நீண்டகாலம் வழங்கப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே வகுப்பில் அனைவரும் நிறுவ வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். புதிய பதிப்பில் சேமித்த திட்டம் பழைய பதிப்பில் முழுமையாகத் திறக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எனவே தங்கள் நாளிதழில் இம்மென்பொருளைப் பற்றிய தொடரோ கட்டுரையோ வெளியிட நேர்ந்தால், அதன் முதல் பகுதியை ஒரே ஓர் அடுக்கு கொண்ட திட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசகர் கோப்புறையை அமைத்து, ஆயத்தொலைவு அமைப்பைத் தேர்ந்து, திட்டத்தைச் சேமித்து மூடி, அந்தக் கோப்புறையை வேறொரு கணினிக்கு நகலெடுத்துத் திறந்து பார்க்கட்டும். பயிற்சி நடத்தும் ஆசிரியர்களும், மாணவர் அச்சிட்டுக் கொண்டுவரும் படத்துக்கு மட்டும் மதிப்பெண் வழங்காமல், அந்தக் கோப்புறையையும் கேட்டு வாங்கித் தம் கணினியில் திறந்து பார்த்து மதிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
புவித்தகவல் மென்பொருள் பயிற்றுநர்